காலுக்கு ஏது சாயம்

மதினியின் முழங்கையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்த அன்று, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தீபாவளி சீசன். என் அண்ணன் மனைவியான அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தார். வெடியில் சுற்றும் சிவப்புத் தாளின் சாயம் அந்த வேலைக்காரர்கள் கையைவிட்டுப் போகாது. பிசைகிற சோற்றில்கூட ஏறும். சிவகாசியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த எனக்கும், வெட்கத்தோடு சொல்கிறேன், அது சாயமாகத்தான் பட்டது. "இந்த வருசச் சாயம் ரொம்பக் கெட்டி தம்பி, போவேனாங்குது" என்று மதினி சிரித்தார். ஈறில் ரத்தம் கசிந்ததையும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் வேலை அலுப்பு என்று விட்டுவிட்டோம்.

நான்கைந்து நாள் கழித்து, மழைத் தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்ட மதினி சேலையைச் சற்றே தூக்கினார். கணுக்காலுக்கு மேலும் அதே புள்ளிகள். தாளைக் கையால்தானே சுற்றுகிறார்கள், காலுக்கு எப்படிச் சாயம் வரும்? "சீசன் முடியட்டும் தம்பி, லோடு நிக்குது" என்றவரை, "நிக்கட்டும் மதினி, இப்பவே வாங்க" என்று எங்கள் நிலையத்துக்கு அழைத்துப்போனேன். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் பஞ்சை எடுக்கவே முடியவில்லை. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், உறைய வைக்கும் தட்டணுக்களைத் தேட வேண்டியிருந்தது. எலும்பு மஜ்ஜைக்குள் வளர்ந்து முற்றி வெளியே வரவேண்டிய வெள்ளையணுக்கள் பிஞ்சிலேயே கும்பலாக வந்திருந்தன. தீவிர ரத்தப் புற்றுநோய் என்று எனக்கே தெரிந்தது. எந்த வகை என்று தெரியவில்லை.

உயிர் அந்த வகையில்தான் இருந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வருவது லிம்போ வகை. பெரியவர்களுக்கு அதிகம் வருவது மைலாய்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, மைலாய்டுக்குள்ளும் பல கிளைகள். மதுரையில் மஜ்ஜை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டுத் தலை நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செல்களுக்குள் செந்நிறக் குருணைகள். அவற்றுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள், தீக்குச்சிக் கட்டைப் போல ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன. "இந்தக் கட்டு இருந்தா அநேகமா மைலாய்டுல ஒரே ஒரு கிளைதான். முதல் சில நாள்தான் கண்டம், ரத்தம் கசிஞ்சே ஆள் போயிரலாம். அதைத் தாண்டிட்டா, ரத்தப் புற்றுநோய்லயே நல்லா குணமாகுறது இதுதான்" என்றார். குரோமோசோம் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அப்போதே மாத்திரையைத் தொடங்கினார். வைட்டமின் ஏ-க்கு உறவான ஒரு மாத்திரை. இத்தனை பெரிய நோய்க்கு இதுவா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தட்டணுப் பைகள் ஏறிக்கொண்டே இருந்தன. தினமும் காலையில் மதினி வாயைத் திறக்கும்போது ஈறைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா மறுபடி காட்டினார். பிஞ்சு அணுக்களின் உட்கரு மடல் மடலாகப் பிரிந்து, முற்றிய வெள்ளையணு ஆகியிருந்தது. ஒன்றிரண்டின் உள்ளே பழைய குச்சி இன்னும் இருந்தது. அதே அணுக்கள்தான்! "மாத்திரை இதுகளக் கொல்லலையா டாக்டர்?" என்றேன். "கொல்லல. வளர வச்சிருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நோயை அழிப்பது என்று மட்டுமே கேட்டுப் பழகியிருந்தேன். வழி தவறியதை வளர்த்து ஆளாக்குகிற வைத்தியத்தை அன்றுதான் கண்டேன். மதினியிடம் சொன்னபோது, இரண்டு பிள்ளை பெற்ற அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அதுகளும் நம்ம பிள்ளைகதான தம்பி. அடிச்சா கேக்குமா?" என்றார்.

அதன் பிறகும் மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் இருந்தன. இப்போது அணுக்களை எண்ண இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தரம் மதினியின் ரத்தத்தை மட்டும் நானே கண்ணாடியில் தடவிப் பார்க்கிறேன். பார்த்து முடித்த பிறகும் கண்ணை எடுக்க மனம் வராது. "இம்புட்டு நேரமா அங்கன என்னத்தப் பாக்கீக?" என்று வெளியிலிருந்து கேட்பார். "ஒண்ணுமில்ல மதினி" என்பேன். அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.