சத்தமில்லாத ஆட்டம்

அப்பாவின் செத்தவீடு நடந்த கிழமை. சாவுத் துடக்கு கழியாத வீட்டில் டிவி போடக்கூடாது. ஆனாலும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டேன். திரையில் ஒரு நரைத்த சேர்பியக் கால்பந்துப் பயிற்சியாளர். தன் அணி கோல் அடித்தும் அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவர் இளம் வீரராக லண்டனுக்கு விளையாட வந்த காலத்தில் நாங்கள் அப்டன் பார்க்கில் ஒற்றை அறையில் இருந்தோம். பெரியப்பா ஷெல் விழுந்து செத்துப்போனார் என்று யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்த அன்று, பெற்றோல் நிலைய வேலையிலிருந்து வந்த அப்பா பெற்றோல் மணக்கும் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டார்.

"துடக்கு வீட்டிலை டிவியோ?" அம்மா கத்தினார்.

"சத்தம் வைக்கேல்லைத்தானே."

அந்தச் சேர்பியன் கோல் அடித்தான். கையை உயர்த்தாமல், தலை குனிந்தபடி நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தான். அப்போது அவனுடைய ஊரிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

"அவனுக்கும் ஊரிலையிருந்து போன் வந்திருக்கும்" என்றார் அப்பா. அன்று அவர் அழவில்லை. நான் இன்னும் அழவில்லை.

இப்போது அம்மா அறைக்குள் வந்தார். ஏசப்போகிறார் என்று ரிமோட்டை எடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அந்தப் பெடியன்தானே?"

"ஓம் அம்மா."

"நிப்பாட்டாதை" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தார்.