சிலுவை வாயை மூடிய ஞாயிற்றுக்கிழமை

தூத்துக்குடியில் எந்த மைதானத்தில் பெண்கள் கபடி நடந்தாலும், நான் விசிலை வாயில் வைப்பதற்குள் சிலுவையின் குரல் வந்துவிடும். கடலில் சங்கு குளிக்கிற மனுஷன். பகலெல்லாம் தண்ணீருக்கடியில் வாயை மூடிக் கிடப்பதாலோ என்னவோ, கரையேறியதும் மொத்தத்தையும் எங்கள்மேல் கொட்டிவிடுவார். என் கண்ணாடி, என் தொப்பை, நான் படித்த காலேஜ் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. பக்கத்தில் இருப்பவன் தொடையில் அடிப்பார், முன்னால் இருப்பவன் தலையைப் பிடித்து அமுக்குவார். அவர் வந்து உட்கார்ந்தால் சுற்றி நாலு நாற்காலி காலியாகும்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், லீவு நாளில் கபடி நடுவர். ஆறு வருடமாக அவரிடம் ஏச்சு வாங்குகிறேன். அவர் மகள் கிருபை ஆட வந்தும் ஆறு வருடம்தான் ஆகிறது.

கிருபை எதிரணிக்குள் பாடிப் போனால், முப்பது விநாடியும் ‘கபடி கபடி’ அறுபடாது. அப்பனுடைய மூச்சு அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக மாவட்ட அணிப் பட்டியலில் அவள் பெயர் கடைசி நேரத்தில் விட்டுப்போனது. இந்த வருடத்தோடு வயது தாண்டிவிடும். தேர்வாளர்கள் எங்கள் ஊர்ப் போட்டியின் அரையிறுதியையும் இறுதி ஆட்டத்தையும் பார்க்க வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை அரையிறுதியில், அவள் கோட்டைத் தாண்டிய நொடியில் சிலுவை எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். அவள் உதடு அசைவது தெரிந்தது, பாட்டு என் காதில் விழவில்லை. பாட்டுக் கேட்காவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். எதிரணிக்கு ஒரு புள்ளி. தேர்வாளர் ஒருவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

சிலுவை களத்துக்குள்ளேயே வந்துவிட்டார். எனக்குக் காது செவிடு என்றார், எதிரணியிடம் பிரியாணி வாங்கித் தின்றவன் என்றார். கிருபைதான் குறுக்கே வந்து நின்றாள்.

“யப்பா, நீங்க கத்துனதுலதான் என் பாட்டு சாருக்குக் கேக்கல.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எப்படியோ ஒரு புள்ளியில் அவள் அணி ஜெயித்துவிட்டது.

ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் பாடிப் போகும்போதெல்லாம், சங்கு குளிக்கப் போகிறவர் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பி வந்த பிறகுதான் விட்டார். வாயை அடைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சும்மாவும் இருக்கவில்லை. மூச்சடக்கியபடியே பின்னால் கத்துகிறவர்களிடம் போய், ஒவ்வொருவர் வாயையும் தன் கையால் பொத்தினார். மீன் ஏலக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போனார்.

இறுதி ஆட்டத்தின் கடைசிப் பாட்டு. புள்ளி சமம். கிருபை போனாள். மைதானமே ஓய்ந்துபோயிருந்தது, துறைமுகத்துப் பக்கம் போகிற லாரி சத்தம்கூடக் கேட்டது. இருவரைத் தொட்டுவிட்டாள். திரும்பும்போது இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்துவிட்டாள். கிருபை குப்புற விழுந்தாள், முகமெல்லாம் மண். அந்த மண்ணுக்குள்ளிருந்து ‘கபடி கபடி’ என்று மெலிதாக, அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள்.

விசில் ஊதினேன். சிலுவை முகம் கறுத்துச் சிவந்து, அப்போதுதான் மூச்சை விட்டார். எல்லாரும் கிருபையைத் தூக்கப் போனார்கள், அவர் என்னிடம் வந்தார்.

“கேட்டுச்சா சார்?” என்றார், ரகசியம் மாதிரி.

“நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி,” என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசளிப்பில் மாவட்ட அணிப் பட்டியலை வாசித்தார்கள். மூன்றாவது பெயர் கிருபை. உடனே பழைய குரல் திரும்பி வந்தது. “ஏலே, மைக்கக் கூட்டி வைலே. திரும்ப வாசி, கடல்ல நிக்கிற வள்ளத்துக்குக் கேக்கட்டும்.”

மைக்செட் பையன் என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான். இன்னும் கூட்டு என்று நானும் கையைத் தூக்கிக் காட்டினேன்.