பழைய ரயில் கரையில் ஏசுவடியான் அண்ணாச்சி

ஏசுவடியான் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் பழைய ரயில் கரையில்தான் நடந்துகொண்டிருந்தேன். காலை ஆறரை மணி இருக்கும். ஐப்பசி மழை விட்டிருந்தது. பாவிய கற்களின் மேல் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவர் மகள் ஜெசி செல்போனில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு சாரே" என்றாள். அதற்கு மேல் நடக்க முடியாமல் திரும்பினேன்.

காலையில் அங்கே நடக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தண்டவாளத்தைத் தள்ளிப் போட்ட பிறகு சும்மா கிடந்த மண்கரையில் கல் பாவி உண்டாக்கிய பாதை அது. சந்தைக்குப் பின்னால் தொடங்கி, வீடுகளின் புறவாசல்களையும் காயும் துணிகளையும் ஒர்க்‌ஷாப்பின் கிரீஸ் வாடையையும் தாண்டி, சம்பையும் கோரையும் மண்டிய சதுப்புக்குள் போய் முடியும். முடிகிற இடத்தில் புதிய தண்டவாளம் பக்கத்தில் வந்துவிடும். அங்கே தனியாக வரும் யாரைக் கண்டாலும் அண்ணாச்சி வழிமறித்து, "எங்க போறிய? சாயா குடிச்சாச்சா?" என்று கேட்பார். உங்களில் சிலர் அவரைக் கண்டதும் ஒதுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நானும் அவருக்காகக் கூச்சப்பட்டிருக்கிறேன்.

ரயில்வேயில் கீமேனாக இருந்தவர் அவர். கையில் சுத்தியலோடு தினமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மைல்கணக்கில் நடக்கும் வேலை. சுனாமிக்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். "இத்தன காலம் ஜல்லியில நடந்தேன். இப்பம் கல்லு பாவித் தந்திருக்கான், முட்டு போன பொறவு" என்று முழங்காலைத் தடவிக்கொள்வார்.

நான் அவரைச் சந்தித்தது என் மனைவி இறந்து நாற்பது நாள் கழிந்த ஒரு காலையில். அன்று நான் அங்கே நடக்க வந்தவன் இல்லை. அவர் இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாதை முடிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "சாயா குடிச்சாச்சா?" நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை. சதுப்பில் நீர்க்கோழி எங்கே முட்டையிடும், அதைக் கீரி எப்படித் தின்னும் என்று தானாகவே பேசிக்கொண்டிருந்தார். ரயில் வந்தது, போனது. "செரி, வாங்க. எனக்கும் சாயா குடிக்கணும்" என்றார். போனேன். மறுநாளும் வரச் சொன்னார். ஏழு வருடம் நாங்கள் சேர்ந்து நடந்தோம்.

ஒரு மழைநாளில், பாதையை விட்டு இறங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். அண்ணாச்சி சேற்றில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டுவலி பற்றி, மீன் விலை பற்றி, மாப்பிள்ளை குவைத்திலிருந்து கொண்டுவந்த தைலம் பற்றிப் பேசினார்.

"ஒங்களுக்கு வேற சோலி இல்லியா தாத்தா?" என்றாள் அவள்.

"இல்ல மக்ளே. ரிட்டயர் ஆயாச்சு."

அவள் சிரிக்கப் போவது போலிருந்தது. ஆனால் அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு நாங்கள் அவளை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டோம். ஊர் பேர் கேட்டும் சொல்லவில்லை. அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. பல வாரங்கள் சந்தைச் சுவரில் ஒட்டிய மரண போஸ்டர்களின் முன் அண்ணாச்சி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஏன் இப்படி அலைகிறார் என்பது எனக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது. இறப்பதற்கு முந்தின சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"நான் டூட்டில இருக்கச்சில ஒருத்தன் லைன்ல எதிர வந்தான். வெள்ளச் சட்ட. எனக்குக் கும்பிடு போட்டான் கேட்டியளா. நானும் போட்டுட்டு நடந்துட்டேன். அஞ்சு நிமிசம் நின்னு பேசியிருந்தா வண்டி போயிருக்கும். திரும்பி வரும்ப அவனுக்க மேல என் தோள்ல கெடந்த தோர்த்தத்தான் விரிச்சேன்."

பிறகு என் கையைப் பிடித்தார். "அதுக்குப் பொறவு இத்தன பேர நிறுத்தி வச்சுப் பேசினேன். ஒருத்தருக்காவது உபகாரம் ஆச்சா சாரே? அந்தப் பிள்ளைக்கும் என்ன ஆச்சோ."

"ஆகாம இருக்குமா அண்ணாச்சி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருத்திக்கொடுத்தவன் நான். அன்று எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் ஜெசி கஞ்சியோடு வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். என் பதிலை அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஜெசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அப்பாட்ட சொல்லியிருக்கலாமே சாரே" என்றாள். "ராத்திரி பூரா அதத்தானே கேட்டுட்டுக் கெடந்தாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த ஏழு வருடங்களில் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நான் முன்னால் நின்று நடத்திக்கொடுத்தேன். பேரன் பிறந்து என் மடியில் கிடந்து உறங்கினான். மூன்று கார்த்திகைக்கு வீட்டு வாசலில் அவனோடு விளக்கு வைத்தேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இவைதான். அவரிடம் சொல்லாததை, அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன். ஆச்சு அண்ணாச்சி. ஒருத்தருக்கு ஆச்சு.