வெள்ளையாக விட்ட ரொறன்ரோ

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கனடாவின் நிலநடுக்க வரைபடத்தில் ஒரு சின்னக் கள்ள வேலை செய்தேன். காரணத்தோடுதான்.

வன்கூவரில் இருந்த சித்தப்பா அப்பாவுக்கு அங்கே நல்ல வேலை ஒன்று பார்த்து வைத்திருந்தார். அப்பாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. எனக்கோ ரொறன்ரோவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணை விட்டுப் போவதென்றால் உயிர் போகிற மாதிரி. என் சிநேகிதி அதே மாடியில், நாலு கதவு தள்ளி இருந்தாள். அம்மா மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிப்பையை இறக்கித் தூசி தட்டி, திரும்பவும் மாட்டினார். பாஸ்போட், பிறப்புப் பத்திரம், ஆளுக்கொரு சோடி உடுப்பு எல்லாம் அதற்குள் எப்போதும் தயாராக இருக்கும். ஊரில் ஷெல்லடிக்கு ஏழு தரம் வீட்டை விட்டு ஓடிய பழக்கம்.

அந்த வாரம் பார்த்து ரீச்சர் வெற்று வரைபடம் ஒன்றைத் தந்து, நிலநடுக்க ஆபத்தை நிறங்களால் காட்டச் சொன்னார். ஆபத்தே இல்லாத மாதிரியான இடம் வெள்ளை, பிறகு மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் சிவப்பு. மேற்குக் கரை நியாயப்படியே சிவப்புத்தான். நான் பென்சில் முறியுமட்டும் அழுத்தித் தீட்டினேன். ரொறன்ரோவுக்கு இளமஞ்சள் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

படத்தைக் குசினிக்குக் கொண்டுபோய், சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“உதிலை நாங்கள் இருக்கிறது எது?”

“இந்த வெள்ளை, அம்மா.”

“இஞ்சை ஒண்டும் வராதோ?”

“வரவே வராது,” என்று கூசாமல் புளுகினேன்.

அன்று பின்னேரமே அம்மா சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார். “தம்பி, பிள்ளை பூமி நடுக்கத்துக்குச் சரியாப் பயப்பிடுது. நாங்கள் வரேல்லை.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கிச் சித்தப்பாவிடம் அங்கத்தைய மழையைப் பற்றிக் கேட்டார். நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நானாவது, பயப்படுவதாவது!

மறுநாள் ரீச்சர் ரொறன்ரோவைச் சுற்றி வட்டம் போட்டு, ‘குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை’ என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தார். அதை அம்மாவுக்குக் காட்டாமல் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கதவுக்குப் பின்னால் பை இல்லை. பத்திரங்கள் அலுமாரி லாச்சிக்குள் போயிருந்தன. உடுப்புகள் மற்ற உடுப்புகளோடு மடித்து வைக்கப்பட்டிருந்தன. கதவில் வெறும் ஆணி. என் புத்தகப்பையை மாட்ட ஓர் இடம் கிடைத்ததே என்று மட்டும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.