அமெரிக்கக்காரரின் கோட்டில் ஒரு மன்னார்க்காரர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன், சுடுகாட்டுக் கொட்டகையிலும் சரக்குக் கப்பலின் அடித்தட்டிலும் படுத்திருக்கிறேன், எலியைத் தவிர எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பிழைக்கப் போன பாபடோயிட்டோய் என்ற வெளிநாட்டு ஊரில், ஒரு ஃபிஜி இந்தியரின் போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்தேன். இறந்தவரின் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, தலையை மட்டும் வெட்டி, கோட் போட்ட வேறொரு உடம்பில் ஒட்டி, மறுபடி படம் எடுத்துக் கொடுப்போம். உடம்புகளுக்காக முதலாளி ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படங்கள் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதிகள். பதவியேற்பு, சபையில் சொற்பொழிவு, மேசையில் கை ஊன்றிய பெரிய மனிதர்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கே இதைத்தான் செய்தார்களாம், பதவிக்கு வேறு ஆள் வந்தால் செதுக்கிய தகட்டில் தலையை மட்டும் மாற்றி அதே உடம்பை விற்பார்களாம். “நாம ஒண்ணும் புதுசா பண்ணல” என்று முதலாளி சிரிப்பார்.

ஒரு மத்தியானம் மன்னார்க்காரரான ஜெசிந்தா அக்கா வந்தார். அவர் கணவர் கடலில் மீன் பிடிக்கப் போய்க் காணாமல் போனவர். கூட வந்த கணவரின் அண்ணன் ஓர் அடையாள அட்டைப் படத்தை நீட்டினார். இறந்தவருக்காகச் சர்ச்சில் பூசை வைக்கிறார்கள், பீடத்துக்கு முன்னால் வைக்கப் படம் வேண்டுமாம்.

“நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை” என்றார் அக்கா.

“பிள்ளை, எவ்வளவு காலத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது?”

“படத்தைப் பாத்திட்டுச் சொல்லுறன்.”

மேசையில் வலது கையை ஊன்றி நின்ற ஒரு செனட்டரின் உடம்பில் தலையை ஒட்டினேன். அந்தக் கைமேல் ஒரு கறை இருந்தது, அதைப் பூசி மறைக்கும்போது விரல் விரலாகப் பார்த்தவன் நான். ஐந்தும் முழுசாக இருந்தன.

படம் வாங்க வந்த அன்று அண்ணன் சிரித்துவிட்டார். “இடுப்பிலை சாரத்தோட திரிஞ்சவன், இப்ப பாராளுமன்றத்துக்குப் போற மாதிரியெல்லோ நிக்கிறான்!”

அக்கா சிரிக்கவில்லை. “தம்பி, இந்த விரல் ஏன் இப்பிடி?”

ஆள்காட்டி விரலின் நுனி இல்லை, மழுங்கி நின்றது. தலை ஒட்டிய மூலப்படத்தை ஓடிப்போய் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதில் விரல் முழுசாக இருந்தது.

“உங்கள் வீட்டுக்காரருக்கு இப்படி இருந்ததா?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. போகேக்கை எல்லாம் முழுசாய் இருந்தது.”

“படத்திலை வந்த பிழை, பிள்ளை, திருத்தித் தருவினம்” என்றார் அண்ணன்.

“திருத்த வேண்டாம். காயம் ஆறியிருக்கு, பாருங்கோ. செத்தவருக்குக் காயம் ஆறுமே?”

பூசை நடக்கவில்லை. அக்கா படத்தைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் நானும் ஊர் மாறிவிட்டேன், அக்காவின் கணவர் திரும்பி வந்தாரா என்று தெரியாது. ஆனால் அன்று அக்கா போனதும் நெகட்டிவ்வை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கை முழுவதும் தகட்டில் கீறிய மெல்லிய கோடுகள். விரல் முடிகிற இடத்தில் மட்டும் கோடு இல்லை, நிஜத் தோல் இருந்தது, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல். கடலில் வேலை செய்கிறவன் கையும் அப்படித்தான் இருக்கும், கடலில் கிடக்கிறவன் கையும் அப்படித்தான் இருக்கும்.