அப்பா இறங்காத ஸ்டேஷன்

சுரங்கத்துக்குள் நின்றுவிட்ட ரயிலுக்கென்று ஒரு வாசனை உண்டு. தேய்ந்த இரும்பும், நனைந்த பாறையும், எங்கிருந்தோ நுழைந்துவிட்ட கடலுப்பும் சேர்ந்து மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த வாசனையை நான் முதன்முதலில் அறிந்தது பதினோரு வயதில், இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், என் அப்பா தன் இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்த ஒரு காலை நேரத்தில்.

ஆரணியில் எங்களுக்குச் சொந்தத் தறிகள் உண்டு. தாத்தா காலமானபோது அப்பாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிப் பட்டு நெய்து, தம்பியைப் படிக்க வைத்தார். அந்தத் தம்பிதான் என் சித்தப்பா முரளி. தோல் பதனிடும் படிப்பு படித்து, ராணிப்பேட்டையில் சில வருடம் வேலை பார்த்து, அங்கிருந்து இத்தாலிக்குப் போய் பீசா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்திருந்தார். "வாங்கண்ணா, ஒரு தரம் வந்து பாருங்க" என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவரின் பேச்சைக் கேட்டு, அந்த மே மாத விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் நானும் புறப்பட்டுவிட்டோம். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "சுத்திப் பாக்கப் போறோம்" என்றுதான் அப்பா சொன்னார். உண்மையில், தெள்ளாரில் ஒரு குடும்பத்துக்கு, சித்தப்பாவை அவர்கள் பெண்ணுக்குக் கட்டி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார். அது அம்மாவுக்குத் தெரியும். பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதை உன்னிப்பாகக் கேட்கும் வயது எனக்கு, அதனால் எனக்கும் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் கடற்கரை ஓரமாகவே சுற்றினோம். ரயில் ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வரும், கண் கூசும் அளவுக்கு நீலமாகக் கடல் தெரியும், "பாரு பாரு" என்று அம்மா என் தோளைத் தட்டுவதற்குள் அடுத்த சுரங்கம் வந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மஞ்சளும் ரோஜா நிறமுமாக மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வீடுகளையும், சன்னலுக்குச் சன்னல் கட்டிய கொடிகளில் காயும் துணிகளையும், மரத்தில் தொங்கும் பெரிய பெரிய எலுமிச்சைகளையும் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஆனால் அண்ணன் தம்பி இருவரும் அலையின் உயரத்தைப் பற்றியும் ரொட்டியின் ருசியைப் பற்றியும் ஊரில் பட்டு நூல் விற்கும் விலையைப் பற்றியும் பேசினார்களே தவிர, கல்யாணப் பேச்சு வரக்கூடிய இடம் வந்ததும் இருவரும் சேர்ந்தாற்போல் நிறுத்திக்கொண்டார்கள். அப்பா நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். சித்தப்பாவும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் தெரியவில்லை. "பேசாத வூட்டுல பாத்திரம் உருள்ற சத்தம்தான் பெருசா கேக்கும்" என்று அம்மா ஒருநாள் காலையில் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அன்றைக்கு நாங்கள் போக இருந்தது வெர்னாட்சா என்ற ஊர். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. அன்று ரயில்காரர்களின் "ஷோப்பரோ", அதாவது வேலைநிறுத்தம்; நாங்கள் ஏறியதுதான் காலையின் கடைசி வண்டி, இனி சாயங்காலம்தான் ரயில் ஓடும் என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா எங்கள் எதிரில் உட்கார்ந்தார். அம்மா புடவைக்கு மேல் ஸ்வெட்டரும், காலில் வேலூரில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்டுக்கொண்டு சன்னலோரம் இருந்தாள். நாலைந்து சுரங்கம் கடந்திருக்கும். சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, வெர்னாட்சாவுல ஒருத்தவங்க நமக்காக நின்னுகினு இருப்பாங்க."

"யாரு?"

"எலெனா. எங்க கம்பெனி லேப்லதான் வேலை செய்றாங்க. அவங்களத்தான் நான் கட்டிக்கப் போறேன்."

அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே சுரங்கத்தின் சுவரைத் தவிர பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "தெள்ளார்ல நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கிறேன்" என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம இன்னாத்துக்குண்ணா குடுத்தீங்க?"

"உன்னைக் கேட்டாடா நான் குழியில எறங்கினேன்?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த நேரம் பார்த்து ரயில் நின்றது. வெளியே கும்மிருட்டு. நடைமேடை சிறியது, அதனால் பாதிப் பெட்டிகள் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடும், இருட்டாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக்கூடாது என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். "இதான் ஸ்டேஷன், ஜல்தி, எறங்குங்க" என்று அவர் எழுந்தார்.

"நான் எறங்கல" என்றார் அப்பா.

"அண்ணா, பேஜார் பண்ணாதீங்க, கதவு மூடிடும்."

"மூடட்டும்."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவுக்குப் போய், பச்சைப் பொத்தானை அழுத்தி, இறங்கிவிட்டாள். பெண்டாட்டியும் பிள்ளையும் இறங்கிவிட்டால் அந்த மனுஷன் பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தோம். சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பப் பார்க்கிறார், அப்பா உதறுகிறார், மறுபடி பிடிக்கிறார். கதவு மூடிக்கொண்டது. அப்போதுதான் அப்பா எங்களைப் பார்த்தார். கண்ணாடியில் அவர் உள்ளங்கை வந்து அறைந்ததும் ரயில் நகர்ந்ததும் ஒன்றாக நடந்தன.

சுரங்கத்தின் சுவரை ஒட்டிய ஒடுக்கமான மேடையில் வெளிச்சத்தை நோக்கி நடந்தோம். பாஸ்போர்ட்டுகள் அப்பாவின் இடுப்புப் பையில் இருந்தன. இங்கே எடுக்காது என்று அம்மா தன் போனை ஆரணியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். சித்தப்பாவின் நம்பர் எங்கள் இருவருக்குமே மனப்பாடமில்லை. சுரங்கத்து வாயில், நீல மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் எங்களையும் எங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க, அண்ணி" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

எலெனா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அம்மா போக மறுத்து நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எலெனா சற்றுத் தள்ளி நின்றாள். தூறல் விழ ஆரம்பித்தபோது அவள் போன் அடித்தது. பேசிவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். சித்தப்பாவின் குரல் எனக்கே கேட்டது. "அண்ணி, அடுத்த ஊர்ல எறங்கிட்டோம். திரும்பி வர ரயில் கெடையாது, அலை ஜாஸ்தின்னு படகையும் நிறுத்திட்டாங்க. மலைமேல ஒரு நடைபாதை இருக்குது. அண்ணன் நான் சொல்றதக் கேக்காம அதுல நடக்க ஆரம்பிச்சுட்டார். நான் பின்னாடியே போய்கினு இருக்கிறேன். நீங்க எலெனாவோடயே இருங்க."

அதற்கப்புறம் எலெனா எத்தனை முறை முயன்றும் சித்தப்பாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு நாக்கு நான்தான். என் பள்ளிக்கூட இங்கிலீஷில் நான் கேட்டுச் சொல்வேன். பாதை எவ்வளவு தூரம்? இரண்டு மணி நேரம். கைப்பிடி இருக்கிறதா? எலெனா மலைப்பக்கம் பார்த்தாள். சில இடங்களில் இருக்கிறது என்றாள். நான் இருக்கிறது என்பதை மட்டும் தமிழில் சொன்னேன், ஆனால் அம்மா என்னைப் பார்க்காமல் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவக்காரன் காலுக்குக் கண்ணு கெடையாது" என்று முணுமுணுத்தாள்.

மழை வலுத்தது. அப்படி ஒரு மழையை நான் ஆரணியில் பார்த்ததில்லை. கடல் எது, வானம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஈயப் பாத்திரத்தின் நிறமாகிவிட்டது. எலெனா தன் மழைக்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினாள். ஊரின் மறுகோடியில், பாதை தொடங்கும் இடத்துக்கே மூவரும் போய் ஒரு வீட்டு வாசல் வளைவின்கீழ் காத்திருந்தோம். வரவேண்டிய நேரம் கடந்தும் யாரும் வரவில்லை. மழை குறைந்ததும், மேலிருந்து இறங்கி வந்த காவலாள் ஒருவன் பாதைக்குக் குறுக்கே சங்கிலி ஒன்றை மாட்டினான். எலெனா அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் மேலே கைகாட்டிச் சொன்னதைக் கேட்டு அவள் முகம் மாறியது.

"இன்னா சொல்றான்? கேளு பாப்பா, இன்னா சொல்றான்?"

மேலே தோட்டத்துச் சுவர் ஒன்று இடிந்து பாதையில் விழுந்துவிட்டது என்றாள் எலெனா. நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் சங்கிலிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். காவலாள் கத்தினான். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளும் குனிந்தாள்.

திருமலைக் கோயில் படிகளில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி உட்காரும் அம்மா அன்றைக்கு ஓரிடத்திலும் நிற்கவில்லை. சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், அவற்றுக்கு மேல் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், வலப்பக்கம் மலை, இடப்பக்கம் ஒன்றுமில்லை. வெகு கீழே கடல் பாறையில் மோதும் ஓசை மட்டும். ஒரு வளைவைத் திரும்பியதும் எலெனா கையை நீட்டி எங்களைத் தடுத்தாள். பாதை அங்கே முடிந்துபோயிருந்தது. சுவர் சரிந்து, கல்லும் சேறும் பாதையை மூடி, இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அப்பா நின்றார். அவருக்குப் பின்னால் அவர் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சித்தப்பா.

"வராத! அங்கயே நில்லு!" என்று அப்பா எங்களைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு அவரே சேற்றின்மேல் ஒரு காலை வைத்தார். கல் ஒன்று உருண்டு கீழே போனது. அது தண்ணீரில் விழும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை.

எலெனா இத்தாலியனில் சத்தம் போட்டுச் சொன்னாள். சித்தப்பா அதைத் தமிழில் சொன்னார்: "அண்ணா, காலை எடுங்க. மேல அவங்க அப்பாவோட தோட்டம். சுவத்துல படிக்கல்லு நீட்டிகினு இருக்குதாம், அதுல ஏறி மேல் வழியா வரணுமாம். அவங்க வந்து காட்டுவாங்களாம்." அப்பா அசையவில்லை. எலெனா அதற்குள் எங்கள் பக்கத்துச் சுவரில் ஏறி, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மறைந்து, இடிந்த இடத்துக்கு வெகு மேலே சுற்றிக்கொண்டு போய், அப்பாவின் தலைக்கு நேர்மேலே தெரிந்தாள். மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

அந்தக் கையை அப்பா பார்த்தார். முதல் கல்லில் தானாகவே ஏறினார், இரண்டாவதிலும் தானாகவே. மூன்றாவது கல்லில் கால் வழுக்கியது. அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அடுத்து நான் பார்த்தபோது அப்பாவின் இரண்டு கைகளும் அவளுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தன; கீழேயிருந்து சித்தப்பா தோளைக் கொடுத்து அண்ணனின் காலைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் சுற்றி இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அம்மா அழவில்லை. ஊரில் தெருவுக்கே கேட்கும் குரலில், "உங்க கோவத்துக்கு நான் கண்ணு காணாத ஊர்ல தாலி அறுக்கணுமா? சொல்லுங்க! இந்தக் கொழந்தைய வெச்சிகினு நான் எந்தக் கடல்ல போய்த் தேடுறது?" என்று கேட்டாள். அப்பா என் தலையைத் தொட்டார்.

எலெனா தன் சமையலறையில் அடுப்பருகே எங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு துண்டும், பூவைக் கொதிக்கவைத்த ஏதோ ஒரு கசப்புத் தண்ணீரும் கொடுத்தாள். அப்பா அதை முழுவதும் குடித்தார். சித்தப்பா தலைகுனிந்து நின்றார். மழை ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. இனி ரயிலேறிப் பீசாவுக்குப் போவோம், பெட்டியைக் கட்டுவோம், சித்தப்பாவை அப்புறம் பார்க்கவே மாட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலியான கோப்பையைக் கீழே வைத்தார். தம்பியைப் பார்க்கவில்லை, எலெனாவையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பொண்ணக் கேளு. பெரியவங்க, அப்பா அம்மா, யாராச்சும் இருக்கிறாங்களா, யார்கிட்ட பேசணும்னு."

சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று எலெனா என்னிடம்தான் கேட்டாள். பெண் கேட்கும் பேச்சு எங்கள் ஊரில் இப்படித்தான் தொடங்கும் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தெள்ளார்க்காரர்கள் அதற்கப்புறம் பல காலம் எங்களோடு பேசவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரோடு ஒருவர் சகஜமாகச் சிரித்துப் பேசுவதற்கே சில வருடங்கள் ஆயின. இதெல்லாம் ஒரு மழைநாளில் சரியாகிற விஷயமில்லை.

சென்ற வருடம் வேலை விஷயமாக ஐரோப்பா போன நான், இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வெர்னாட்சா போனேன். இப்போது அந்த ஊரில் தொலைந்துபோக ஒருவராலும் முடியாது. கதவு மூடிக்கொண்டதால் இறங்கத் தவறியவர்கள் சிரித்துக்கொண்டே போனில் செய்தி அனுப்புகிறார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று போன் வரைபடத்தில் ஒரு புள்ளி வந்து காட்டிவிடுகிறது. சித்தப்பாவும் எலெனா சித்தியும் நானும் அந்தப் பாதையில் ஏறினோம். நெடுகிலும் கைப்பிடி போட்டுவிட்டார்கள். இடிந்த சுவரை அதே கல்லைக்கொண்டு எழுப்பி, அதன்மேல் பாசியும் படர்ந்துவிட்டதால், அந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. சித்தி ஒரு வளைவைக் காட்டினாள். இல்லை, அடுத்த வளைவு என்றார் சித்தப்பா. எனக்கு இரண்டுமே அது இல்லை என்று தோன்றியது. தீர்த்து வைக்கட்டும் என்று ஆரணிக்கு வீடியோ அழைப்பு போட்டு, கேமராவைச் சுவர்மேல் மெதுவாக நகர்த்தி அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எந்த எடமோ, தெர்ல போ. எல்லாம் ஒரே மாரிதான் இருக்குது" என்றார். பிறகு முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுவந்து அதட்டினார்: "அத வுடு. எலெனா இன்னாத்துக்கு அவ்ளோ ஓரமா நிக்குது? உள்பக்கமா வரச் சொல்லு."