பக்கத்து வீட்டு வரியில் ஒரு பையன்

என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் பார்க்க மீட்டர் இல்லாததால் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். யார் ஃபேனை அணைக்கவில்லை, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எழுபதைத் தொட்டதும் புதிதாக ஒரு பிடிவாதம் சேர்ந்துகொண்டது. தன் நிஜ வயது தெரிய வேண்டுமாம். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் உயரத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டார். அந்த வயதுக் கணக்கில்தான் வேலைக்குச் சேர்ந்தார், அதே கணக்கில்தான் ஓய்வும் பெற்றார்.

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்தான். நான் லீவு போட்ட நாளாகப் பார்த்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

காப்பக எழுத்தர் ஒரு பெண்மணி. "முதல்ல எல்லாம் வீட்டையும் தலையையும்தான் எண்ணினாங்க சார். பேர் எழுத ஆரம்பிச்சது பின்னாடிதான். எழுதினதையும் ஐம்பது வருஷம் யாருக்கும் காட்ட மாட்டாங்க. நல்லவேளை, உங்க தெரு கரையானுக்குத் தப்பிச்சிருக்கு" என்று ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

மாமனாரின் வீடு கிடைத்தது. அப்பா, அம்மா, அக்கா, இப்போது உயிரோடு இல்லாத இரண்டு அண்ணன்கள். அவர் மட்டும் இல்லை.

"கணக்கெடுக்க வந்த சோம்பேறிப் பய, வாசல்லயே நின்னு எழுதியிருப்பான்" என்றார். "வீடு பூட்டியிருந்தா நாங்களும் போன தடவையை வச்சு ஒரு நம்பர் போட்டிருக்கோமே."

நான் அடுத்த வரியைப் பார்த்தேன். பக்கத்து வீடு. தையல்காரர், அவர் மனைவி, மகன் வயது மூன்று. மகனின் பெயர் என் மாமனாரின் பெயர்.

"இந்தப் பேர்ல ஊருக்குள்ள ஆயிரம் பேர்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"தப்பா இருக்காது சார்" என்றார் எழுத்தர். "எந்த வீட்டுல சாப்பிட்டுத் தூங்குறாங்களோ, அந்த வீட்டுலதான் எழுதணும்னு விதி."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பஸ்ஸில், "மாப்பிள்ளை, அப்போ நான் யார் புள்ளை?" என்று சத்தமாகவே கேட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நேராக அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர், பதிவேட்டை நான் போனில் எடுத்துவந்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உன்னை யாருடா இதையெல்லாம் கிளறச் சொன்னது?"

"நான் அம்மா பெத்த புள்ளையா, இல்லையாக்கா?"

"பெத்தது அம்மாதான். உன்னைப் பெத்ததும் படுத்த படுக்கையாயிட்டா. பக்கத்து வீட்டுல புள்ளை இல்ல. தூக்கிக் குடுத்துட்டாங்க. மொத்தமாத்தான். நாலு வயசு வரைக்கும் நீ அங்கதான் இருந்தே. அப்புறம் அம்மா தேறிட்டா. நீ அவங்களை அம்மான்னு கூப்பிடுவே, நம்ம அம்மாவை அத்தைன்னு கூப்பிடுவே. அதைக் கேட்டுக்கிட்டு ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கம் அவளால இருக்க முடியல. ஒருநாள் போய்த் தூக்கிட்டு வந்துட்டா."

"அவங்க குடுத்துட்டாங்களா?"

"பெத்தவ வந்து கேட்டா என்னடா பண்ணுவாங்க? அந்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் மாமனார் யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் தவித்தார். காலையில், தன்னைக் கொடுத்ததற்காக அம்மா மீது கோபம். சாயங்காலம், திரும்ப வாங்கியதற்காக அதே அம்மா மீது கோபம். "நாலு வருஷம் வளர்த்தவங்க முகம்கூட ஞாபகம் வரலையே மாப்பிள்ளை" என்று அழுதுவிட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. இந்தத் தடவை நானே லீவு போட்டேன்.

பத்து வருடம் கழித்து எடுத்த கணக்கைத் தெருத் தெருவாகப் புரட்டினோம். மூன்றாம் நாள் தையல்காரர் கிடைத்தார், ஊரின் மறுகோடியில். வீட்டில் இரண்டே பேர். அந்தக் கணக்கெடுப்பில் பெண்களுக்குப் புதிதாக ஒரு கேள்வி இருந்தது: குழந்தைகள் எத்தனை? அவர் மனைவியின் பெயருக்கு நேரே, 'ஒன்று, ஆண், உயிருடன்' என்று இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், 'வெளியில் வளர்கிறான்.'

மாமனார் அந்த வரியைவிட்டு விரலை எடுக்கவில்லை.

"அப்போ எனக்குப் பதிமூணு வயசு. ஒருநாள்கூட வந்து பார்க்கலையே. இல்ல, வந்தாங்களா? நான்தான் யாரோன்னு நினைச்சுட்டேனா?"



நகல் வேண்டும் என்றார். எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் கடைசிக் கட்டம், பதிவில் உள்ளவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு என்று கேட்டது. பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர்னு போடலாமா மாமா?" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என்னை ஒரு முறை முறைத்தார். 'மகன்' என்று எழுதினார். எழுதிவிட்டு, பெற்ற அம்மா எங்கேயாவது நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்பதுபோல் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.